மக்கள் ஆதரவு இருந்தால் மட்டும் அதிபரை நீக்கிவிடலாமா?

நடுப்பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

தென்கொரியா பற்றிய இழையில் இந்தக் கேள்வி பாதியில் நின்றுபோனது. தனியாகப் பேச வேண்டிய விஷயம் என்பதால் இங்கே கொண்டுவருகிறேன்.

அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய தலைவரைப் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்க வேண்டும் என்று நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் சொல்கிறார்கள். நாடாளுமன்றம் அசையவில்லை. இதை ஜனநாயகத்தின் தோல்வி என்பதா, அல்லது அது வடிவமைக்கப்பட்ட விதமே இதுதான் என்று ஏற்றுக்கொள்வதா?

இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது. 1973 ஜூனில் அமெரிக்க அதிபர் நிக்ஸனை நீக்க வேண்டும் என்றவர்கள் காலப் கருத்துக்கணிப்பில் 19 சதவீதம்தான். 1974 ஆகஸ்டில், அவர் ராஜினாமா செய்வதற்குச் சற்று முன், 57 சதவீதம். அங்கே மக்களும் அவையும் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்ந்தார்கள். 2004இல் தென்கொரியாவில் நடந்தது நேர்மாறு. அதிபர் ரோ மூ ஹியூனுக்கு எதிரான தீர்மானத்தை அவை 193க்கு 2 என்று நிறைவேற்றியது. மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் அதைத் தவறு என்றார்கள். அடுத்த மாதமே வந்த தேர்தலில், ஐம்பது இடங்கள்கூட இல்லாதிருந்த அவருடைய ஆதரவுக் கட்சி 152 இடங்களைப் பிடித்தது. மே 14 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்து அவரை மீண்டும் நாற்காலியில் உட்காரவைத்தது.

குடிமக்களின் ஆதரவு இல்லாத பதவிநீக்கம் வெறும் சதி. ஆதரவு மட்டுமே இருக்கும் பதவிநீக்கம் வெறும் கோபம். என் கருத்து இவ்வளவுதான். மறுப்பவர்கள் வாருங்கள், கட்சிக்கொடியை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வாருங்கள்.

எண்கணக்கன்

57 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை பேர் என்பதைவிட, யார் அந்தப் பேர் என்பதுதான் முக்கியம். தேர்தலில் அந்தத் தலைவருக்கு எதிராக வாக்களித்தவர் இன்று அவரை நீக்கச் சொல்வது செய்தியே அல்ல. அவருக்கு வாக்களித்தவர் மனம் மாறினால்தான் செய்தி.

தென்கொரிய அதிபராக இருந்த பார்க் குன் ஹே 2012இல் 51.6 சதவீத வாக்குகளோடு வென்றவர். 2016 நவம்பர் இறுதியில் கொரிய காலப் கணிப்பில் அவருக்கு ஆதரவு 4 சதவீதம். அதாவது அவருக்கு வாக்களித்தவர்களே கைவிட்டார்கள். டிசம்பர் 9 அன்று 300 பேர் கொண்ட அவையில் 234 பேர் நீக்கத்துக்கு வாக்களித்தார்கள். எதிர்க்கட்சிகளையும் சுயேச்சைகளையும் கூட்டினால் 172 பேர்தான். மீதி அறுபதுக்கு மேற்பட்டோர் ஆளும் கட்சியிலிருந்து வந்தவர்கள்.

அமெரிக்காவுக்கு வாருங்கள். டிரம்பை நீக்கலாம் என்றவர்கள் இரண்டு முறையும் பாதியை ஒட்டியே நின்றார்கள். கட்சிக் கோட்டை யாரும் பெரிதாகத் தாண்டவில்லை. 2021 பிப்ரவரியில் செனட்டில் 57 பேர் அவரைக் குற்றவாளி என்றார்கள், அவருடைய கட்சியைச் சேர்ந்த ஏழு பேர் உட்பட. தேவை 67. கிளின்டனின் கதை இன்னும் வேடிக்கை. 1998 டிசம்பரில் கீழவை அவர்மீது குற்றஞ்சாட்டியதும் அவருடைய செல்வாக்கு 73 சதவீதத்துக்கு ஏறியது.

நிக்ஸன் விஷயத்திலும் வாசலைக் காட்டியவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர். 1974 ஆகஸ்ட் 7 மாலை கோல்டுவாட்டர், ஸ்காட், ரோட்ஸ் மூவரும் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் உங்களுக்கு ஆதரவு கரைந்துவிட்டது என்று தெரிவித்தார்கள். மூவருமே குடியரசுக் கட்சித் தலைவர்கள். அடுத்த நாள் இரவு அவர் ராஜினாமாவை அறிவித்தார்.

வழக்காடி

நடுப்பக்கம் அவர்கள் சொன்னதில் ஒரு பாதியை நான் ஏற்கவில்லை. குடிமக்களின் ஆதரவு இல்லாத பதவிநீக்கம் சதி என்கிறீர்கள். ஒரு தலைவர் மக்களிடம் கொள்ளைச் செல்வாக்கோடு இருந்துகொண்டே நீதிமன்றத் தீர்ப்புகளை மிதிக்கிறார், வரித்துறையை எதிரிகள்மீது ஏவுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் கைதட்டுகிறார்கள் என்பதற்காக அவை சும்மா இருக்க வேண்டுமா? நிக்ஸன்மீதான இரண்டாம் குற்றச்சாட்டில் வருமானவரித் துறையை ஏவிய விஷயமும் இருந்தது. கீழவையின் நீதிக்குழு அதை 28க்கு 10 என்று ஏற்றது. மூன்று குற்றச்சாட்டுகளில் அதிக வாக்கு கிடைத்தது அதற்குத்தான். இத்தனைக்கும் 1972இல் 49 மாநிலங்களில் வென்ற மனிதர் அவர்.

பதவிநீக்கம் தேர்தலின் மறுபதிப்பு ஆகிவிடக் கூடாது. ரோ வழக்கில் கொரிய நீதிமன்றம் சொன்னதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. அவர் தேர்தல் நடுநிலைச் சட்டத்தை மீறினார் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால், மக்கள் தந்த பதவியைப் பறிக்கும் அளவுக்கு அந்த மீறல் கனமானதா என்று கேட்டு, இல்லை என்றது. எனக்குப் பிடித்த அளவுகோல் இதுதான்: மீறல் எவ்வளவு கனம்? எத்தனை பேர் கோபமாக இருக்கிறார்கள் என்பது நீதிபதியின் வேலை அல்ல.

இதற்கு எதிர்முனையில் பராகுவே. 2012 ஜூனில் அதிபர் லூகோவுக்குத் தன் தரப்பைச் சொல்லக் கிடைத்த நேரம் சில மணிகள்தான். இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது; செனட்டில் 39க்கு 4. அதற்குப் பெயர் விசாரணையா?

கோடைமழை

வழக்காடி ஐயா, நீதிமன்றக் கூடத்துக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். கொஞ்சம் வெளியே வாருங்கள்.

2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணிவாக்கில் தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவிக்கிறார். ஹெலிகாப்டரில் சிப்பாய்கள் நாடாளுமன்றத்துக்கு வருகிறார்கள். போலீஸ் வாசலை அடைக்கிறது. அந்த நேரத்தில் செய்தியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகாமல் கிளம்பி வந்தவர்கள் சாதாரண ஜனங்கள். அவர்கள் ராணுவ வாகனங்களுக்கு முன்னால் நின்றார்கள். எம்.பி.க்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள், அறுபது வயதைத் தாண்டிய சபாநாயகர் உட்பட. உள்ளே ஊழியர்கள் மேசை நாற்காலிகளைக் குவித்துக் கதவை அடைத்தார்கள். ஒரு மணிவாக்கில் 190க்கு 0 என்று ராணுவச் சட்டத்தை நீக்கக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. அதுவரை அந்தக் கூட்டம் வெளியே நிற்காமல் இருந்திருந்தால் எந்த அளவுகோலை வைத்து எதை அளந்திருப்பீர்கள்?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 4 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனை நீக்கியபோது, அவை அவ்வளவு விரைவாகக் கூடித் தீர்மானம் போட முடிந்ததற்குக் குடிமக்களின் எதிர்ப்பும், உத்தரவை நிறைவேற்றுவதில் சிப்பாய்களும் போலீசாரும் காட்டிய சுணக்கமும்தான் காரணம் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். உங்கள் நீதிமன்றமே மக்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறது, ஐயா.

வழக்காடி

நன்றி சொன்னார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் நீக்கியது யூன் செய்த செயலுக்காக. எதிர்த்த மக்களின் எண்ணிக்கைக்காக அல்ல. யூனை நீக்க அவை போட்ட டிசம்பர் 14 தீர்மானத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் 111 நாட்கள். அத்தனை நாளும் இரு தரப்பும் தெருவில் இருந்தன. ஜனவரியில் யூனின் ஆதரவாளர்கள் சியோலில் ஒரு நீதிமன்றத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அவர்களும் தங்களைக் குடிமக்கள் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள்.

முத்திரைத்தாள்

கோடைமழைக்கு ஒரு கேள்வி. தெருவில் நிற்பவர்தான் மக்கள் என்றால், பிலிப்பைன்ஸில் எந்தத் தெருவில் நின்றவர் மக்கள்?

அதிபர் எஸ்ட்ராடா சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கினார் என்று 2000 நவம்பரில் கீழவை குற்றஞ்சாட்டியது. அங்கே மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்துப் போட்டாலே போதும். சபாநாயகர் வியார் தொடக்கப் பிரார்த்தனை முடிந்த கையோடு குற்றப்பத்திரத்தைப் படித்து செனட்டுக்கு அனுப்பிவிட்டார்; எதிர்ப்பாளர்கள் சுதாரிப்பதற்குள் வேலை முடிந்தது. விசாரணை நேரலையாக ஒளிபரப்பானது. 2001 ஜனவரி 16 இரவு, வங்கிக் கணக்கு விவரம் அடங்கிய ஓர் உறையைத் திறக்க வேண்டாம் என்று செனட்டர்கள் 11க்கு 10 என்று முடிவுசெய்தார்கள். அப்போது ஒரு செனட்டர் சந்தோஷத்தில் ஆடியதை நாடே பார்த்தது. கறுப்பு உடையில் மணிலாவின் எத்சா சாலைக்கு வரச்சொல்லிக் கைபேசிக் குறுஞ்செய்திகள் பறந்தன. நான்கே நாளில் எஸ்ட்ராடா மாளிகையை விட்டு வெளியேறினார்.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. அடுத்த அத்தியாயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏப்ரலில் அவரைக் கைது செய்ததும் அதே எத்சாவில் இன்னொரு கூட்டம் கூடியது, இந்த முறை நகரத்தின் ஏழைகள். மே 1 அதிகாலை அவர்கள் அதிபர் மாளிகைக்கு ஊர்வலம் போனார்கள். அடித்து விரட்டப்பட்டார்கள், சிலர் செத்தார்கள். முதல் கூட்டத்துக்கு மக்கள் சக்தி என்று பெயர், இரண்டாவது கூட்டத்துக்குக் கலகக் கும்பல் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் யார் என்று பாருங்கள்.

கோடைமழை

நியாயமான அடி. ஆனால் அந்த உறையைத் திறந்திருந்தால் முதல் கூட்டம் எத்சாவுக்கே வந்திருக்காது. விசாரணையை மூடியவர்கள்தான் தெருவைத் திறந்துவிட்டார்கள்.

வன்னிமரம்

இதே விஷயத்தை எங்கள் நாட்டை வைத்துச் சொல்கிறேன். இலங்கையில் ஜனாதிபதிக்கு எதிரான குற்றப் பிரேரணை அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு, அதாவது 225 பேரில் 150. அதன்பின் உயர் நீதிமன்ற விசாரணை (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம்). அதன்பின் மறுபடியும் மூன்றில் இரண்டு. காகிதத்தில் பார்க்கக் கண்ணியமாக இருக்கும். 1991இல் பிரேமதாசவுக்கு எதிராக ஒரு பிரேரணை கொண்டுவந்தார்கள். முதலில் ஏற்றுக்கொண்ட சபாநாயகர், செல்லுபடியான கையொப்பங்கள் போதவில்லை என்று பிறகு நிராகரித்துவிட்டார். இவ்வளவுதான் அனுபவம்.

2022இல் எரிபொருள் வரிசையில் நின்றே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பு காலி முகத்திடலில் ஏப்ரல் 9 முதல் போராட்டக் கூடாரம். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைப் பார்த்து நாடு முழுவதும் ஒரே கோஷம், கோட்டா வீட்டுக்குப் போ என்று. மே 17 அன்று பாராளுமன்றத்தில் குற்றப் பிரேரணை வரவில்லை. ஜனாதிபதிமீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை அவசரமாக விவாதிப்பதற்கு மட்டும்தான் அனுமதி கேட்டார்கள். அதையே 119க்கு 68 என்று தோற்கடித்தார்கள். விவாதிக்கக்கூட மனமில்லை! இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 9 அன்று சனங்கள் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள். 14ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து ராஜினாமாக் கடிதம் வந்தது. கதவைப் பூட்டி வைத்தால் ஜன்னல் வழியாகத்தான் வருவார்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 119 பேரில் ஒருவர்கூடச் சட்டப்படி எதையும் இழக்கவில்லை. புதிய ஜனாதிபதியைத் தெரிவு செய்ததும் அதே பாராளுமன்றம்தான், 134 வாக்குகளோடு. சனங்கள் விரட்டியது ஒருவரை மட்டும். தப்பித்துக்கொண்ட மற்றவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

புதுவாசகி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தியாவில் இதற்கு வழி இருக்கிறதா?

வழக்காடி

குடியரசுத் தலைவருக்கு எதிராக இருக்கிறது, 61ஆவது பிரிவு. அரசியல் சாசனத்தை மீறியதற்காக, இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இதுவரை யார்மீதும் பயன்படுத்தியதில்லை. பிரதமருக்கு இது பொருந்தாது. மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், காரணம் சொல்லவே தேவையில்லை. நாம் இங்கே பேசுவது பெரும்பாலும் அதிபர் ஆட்சி முறை பற்றி.

எண்கணக்கன்

மக்களையே நேரடியாகக் கேட்டுவிடலாமே என்று யாராவது சொல்வதற்குள் ருமேனியாவைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நாடாளுமன்றம் அதிபரை இடைநீக்கம் செய்யலாம். நீக்குவதா வேண்டாமா என்பது பொதுவாக்கெடுப்பில் முடிவாகும். அதிபர் பசெஸ்குவை 2007இல் நாடாளுமன்றம் இடைநீக்கியது. வாக்களித்தவர்களில் சுமார் 74 சதவீதம் பேர் அவரை நீக்கக் கூடாது என்றார்கள்; திரும்பி வந்தார். 2012இல் மறுபடியும். இந்த முறை வாக்களித்தவர்களில் 87 சதவீதத்துக்கு மேல் நீக்கு என்றார்கள். ஆனால் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் 46 சதவீதம்தான். பாதிப்பேர் வந்தாக வேண்டும் என்பது விதி. தன் ஆதரவாளர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார் மனிதர். வாக்கெடுப்பு செல்லாமல் போனது, அவரும் பதவிக்காலம் முடியும்வரை இருந்தார்.

மக்களை நேரடியாகக் கேட்டாலும், எதை மக்கள் குரல் என்று எண்ணுவது என்ற விதியை யாரோ எழுதத்தான் வேண்டும்.

பழைய நிருபர்

எல்லோரும் எண்ணிக்கையைப் பேசுகிறீர்கள். வாக்கு திறந்ததா, ரகசியமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் அனுபவத்தில் எம்.பி.யின் முதுகெலும்பை நிமிர்த்துவதோ வளைப்பதோ அதுதான்.

பிரேசில், 1992. அதிபர் கோலோருக்கு எதிராக அவருடைய சொந்தத் தம்பியே ஊழலை அம்பலப்படுத்துகிறார். ஆகஸ்டில் கோலோர், தன்னை ஆதரிப்பவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை நாட்டுக் கொடியின் பச்சை, மஞ்சள் உடுத்தி வெளியே வாருங்கள் என்று அழைக்கிறார். அந்த ஞாயிறு, ஆகஸ்ட் 16, நகரங்கள் முழுக்க ஜனங்கள் கறுப்பு உடுத்தி வந்தார்கள். முகத்தில் வண்ணம் பூசிய மாணவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். செப்டம்பர் 29 அன்று கீழவையில் வாக்கு. ரகசிய வாக்கு வேண்டும் என்று கோலோர் தரப்பு போராடியது, கிடைக்கவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, தொலைக்காட்சி நேரலையில் வாக்கு. அக்டோபர் 3 அன்று நாடு முழுக்க நகராட்சித் தேர்தல்! 441க்கு 38 என்று முடிந்ததில் ஆச்சரியம் என்ன?

கொரியாவில் ரகசிய வாக்கு. அங்கே மக்கள் வேறு வழி பிடித்தார்கள். 2016இல் எந்த எம்.பி. நீக்கத்தை ஆதரிக்கிறார், எவர் எதிர்க்கிறார், எவர் மௌனம் என்று பட்டியல் வெளியானது. தங்கள் தொகுதி எம்.பி.க்கு நேரடியாக மனு அனுப்ப ஓர் இணையதளம் வந்தது. கைபேசிகளில் செய்திகள் குவிந்தன. தெருவில் மெழுகுவர்த்தி ஏந்திப் போராடியவர்களைப் பற்றி, மெழுகுவர்த்தி காற்று அடித்தால் அணைந்துவிடும் என்று ஆளும் கட்சி எம்.பி. ஒருவர் எகத்தாளமாகச் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு ஜனங்கள் பேட்டரி மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். 2024 டிசம்பர் 7 அன்று ஆளும் கட்சியினர் வெளிநடப்பு செய்ததால் யூனுக்கு எதிரான தீர்மானம் 195 வாக்குகளோடு நின்றது, தேவை 200. ரகசிய வாக்கில் ஒளிந்துகொள்ளலாம். வெளிநடப்பு செய்தவர் முகம் எல்லோருக்கும் தெரியும். ஒரே வாரத்தில் 204.

கருத்துக்கணிப்பு தன் தொகுதியின் பெயரோடு வந்தால்தான் எந்த உறுப்பினரும் அதைப் படிப்பார். தேசிய சராசரி அவருக்கு வானிலை அறிக்கைதான்.

நடுப்பக்கம்

இதைத்தான் எதிர்பார்த்தேன். அப்படியென்றால் நிருபர் ஐயா, 2016இல் பிரேசில் அதிபர் தில்மா ரூசெஃபை நீக்கியதும் திறந்த வாக்குதானே? அது உங்கள் கணக்கில் நல்ல பதவிநீக்கமா?

பழைய நிருபர்

இல்லை. திறந்த வாக்கு பயத்தை உண்டாக்கும், நேர்மையை உண்டாக்காது. அங்கே எந்தக் குடிமகனும் புகார் கொடுக்கலாம், ஆனால் அதை எடுப்பதா வேண்டாமா என்பது கீழவைத் தலைவர் ஒருவர் கையில். அப்போது தலைவராக இருந்த குன்யா, தன்மீதான நெறிமுறைக் குழு விசாரணையில் தில்மாவின் கட்சி தனக்கு எதிராக வாக்களிக்கும் என்று அறிவித்த அதே நாளில் புகாரை ஏற்றுக்கொண்டார். பிறகு அவரே ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். குற்றச்சாட்டோ, பட்ஜெட் பற்றாக்குறையை அரசு வங்கிகள் மூலம் மறைத்தார் என்பது. ஏப்ரல் 17 அன்று 367 பேர் ஆம் என்றார்கள். காரணம் கேட்டால் மனைவிக்காக, பிள்ளைகளுக்காக, கடவுளுக்காக என்றார்கள். பட்ஜெட்டைப் பற்றிப் பேசியவர்களைத் தேடத்தான் வேண்டும். மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அப்போது நீக்கத்தை ஆதரித்தார்கள் என்பதும் உண்மை.

அதே வாசல் பின்னால் வந்த இன்னொரு அதிபருக்கு மூடிக்கொண்டது. போல்சனாரோவுக்கு எதிராக நூற்றுக்கு மேற்பட்ட புகார்கள் குவிந்தன. ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

முத்திரைத்தாள்

பெருவை விட்டுவிட்டீர்கள். அங்கே நிரந்தரத் தார்மீகத் தகுதியின்மை என்று ஒரு காரணம் சாசனத்தில் இருக்கிறது; அதற்குள் எதையும் அடைக்கலாம். 2020இல் 130 பேரில் 87 வாக்கு போதுமாக இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று அதிபர் விஸ்கார்ராவை 105 பேர் நீக்கினார்கள். மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். பெரிய அன்பு என்று சொல்ல முடியாது, அவையின்மீது இருந்த வெறுப்பு. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அவை உட்காரவைத்த மெரினோ ஐந்தாம் நாள் ராஜினாமா செய்தார். வழக்காடி சொல்லும் கனமான மீறல் என்ற அளவுகோல் எழுத்தில் இல்லாத நாட்டின் நிலைமை இது.

வழக்காடி

இதோடு நானும் நடுப்பக்கமும் கொஞ்சம் நெருங்கிவிட்டோம் போலிருக்கிறது. காரணம் இறுக்கமாக இருக்க வேண்டும், விசாரணையின் வாசல் ஒரே ஆளின் கையில் இருக்கக் கூடாது. மக்கள் ஆதரவு என்பது அந்த வாசலைத் திறக்கப் பயன்படட்டும். தீர்ப்பை எழுத வேண்டாம்.

கோடைமழை

தீர்ப்புக்குப் பின்னால் நடப்பதையும் பாருங்கள். பார்க் குன் ஹேக்கு 20 ஆண்டு சிறை உறுதியானது 2021 ஜனவரியில். அதே ஆண்டு டிசம்பரில் பொதுமன்னிப்பு. எஸ்ட்ராடாவுக்கு 2007 செப்டம்பரில் ஆயுள் தண்டனை, அக்டோபரிலேயே மன்னிப்பு. 2013இல் மணிலா மேயர். கோலோர் திரும்பி வந்து செனட்டர் ஆனார். 2025இல்தான், அதுவும் வேறு வழக்கில், கைதானார். இத்தனை லட்சம் பேர் குளிரில் நின்றது இதற்காகவா? மறுபடி போட்டியிட முடியாதபடி தடை போடுவதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

பழைய நிருபர்

தடையை அவை போடாவிட்டாலும் வாக்காளர் போடலாம். தில்மாவை 61க்கு 20 என்று நீக்கிய அதே செனட், மீண்டும் போட்டியிடும் உரிமையைப் பறிக்கலாமா என்று தனியாக வாக்கெடுத்தது. 42 பேர் பறிக்கலாம் என்றார்கள், 54 வேண்டியிருந்தது. 2018இல் அவர் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் செனட் தேர்தலுக்கு நின்றார். இரண்டு இடங்கள் இருந்தன. அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

கோடைமழை

மணிலா வாக்காளர்கள் எஸ்ட்ராடாவை மேயர் ஆக்கியதும் அதே வழியில்தான், ஐயா. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?